யார் கொடுத்த விலை?

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில், ஒரு சாயங்கால வேளையில் நான் செய்த ஒரு சிறு காரியத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அதைத் திருட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சட்டப்படி அதில் எள்ளளவும் குற்றமில்லை. ஆயினும் அந்தக் காரியம் காலில் தைத்த நெருஞ்சி முள்ளைப்போல இன்றும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

நான் செய்தது இதுதான்: என் வண்டியின் டேங்கை நிரப்பிக்கொண்டேன்.

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது நியாயமே. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டு நண்பர் அவசர அவசரமாக ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"ஸார், வண்டியிலே பெட்ரோல் இருக்கா? ஏடன் பக்கத்திலே எண்ணெய்க் கப்பலை ஏவுகணை போட்டு அடிச்சுட்டானாம். கப்பல் பற்றி எரியுதாம். விலை நிச்சயம் ஏறும். இப்பவே போய் ரொப்பிக்கிட்டு வந்துடுங்க."

அவர் நல்லவர். என்மேல் உள்ள அக்கறையினால்தான் சொன்னார். நானும் அந்தச் செய்தியைக் காலையிலேயே படித்திருந்தேன். ஆனால் அதுவரையில் அது ஏடன் வளைகுடாவில் நடந்த செய்தியாக இருந்தது. அவர் சொன்ன அந்த நிமிஷத்தில் அது என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நான் மறுபேச்சுப் பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பெட்ரோல் பங்கில் எங்களைப்போலவே காதும் காதும் வைத்தாற்போல் செய்தி கேட்டு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டோம். ஏதோ உலகத்தை ஏமாற்றிவிட்ட திருப்தி எங்கள் எல்லோருடைய முகத்திலும் இருந்தது.

மறுநாள் என் நண்பர் ஒருவர் வந்தார். எண்ணெய்க் கப்பல்களில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சுவாக்கில் நான் டேங்க் நிரப்பிய பெருமையை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கப்பலில் இருபத்திரண்டு பேர் நம்மவர்கள், தெரியுமோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் கிளம்பிப் போன பிறகு முதல் நாள் செய்தித்தாளையும் அன்றைய தாளையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அச்சில் இருந்தது. கப்பலின் பெயர் மார்லின் லுவாண்டா. ஏற்றிச் சென்றது நாப்தா என்னும் எளிதில் தீப்பற்றும் எண்ணெய். ஜனவரி 26ஆம் தேதி யேமன் நாட்டு ஹூதிப் படையினர் ஏவிய ஏவுகணை அதைத் தாக்கியது. கப்பலில் இருந்தவர்கள் இந்தியர்கள் இருபத்திரண்டு பேர், வங்கதேசத்தவர் ஒருவர். நம் கடற்படைக் கப்பலான விசாகப்பட்டினத்திலிருந்து பத்துப்பேர் கொண்ட தீயணைப்புக் குழு சென்று, கப்பலிலிருந்தவர்களோடு சேர்ந்து போராடி நெருப்பை அணைத்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அடிபட்ட கப்பலில் யார் இருந்தார்கள் என்ற கேள்வியே முதல் நாள் முழுவதும் எனக்கு எழவில்லை. செய்தியில் எண்ணெய் விலை என்ற சொல் வந்த இடத்தில் என் கண் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த விலை ஏறவும் இல்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டில் பெட்ரோல் விலையை லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைத்தார்கள். முன்யோசனையோடு நிரப்பிய நான்தான் நஷ்டப்பட்டேன். ஆனால் நஷ்டப்பட்டதைப் பற்றி நான் வருந்தவில்லை. எரிகிற கப்பலைப் பற்றிக் கேட்டவுடன் என் கை தண்ணீர் வாளியைத் தேடாமல் பெட்ரோல் டேங்கைத் தேடியதே, அதைப் பற்றித்தான் வருந்துகிறேன். அயலான் வீடு எரியும்போது நம் வீட்டுக் கூரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொள்வது உலக இயல்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு குரல் கேட்பதுகூட அந்த இயல்புக்கு மாறானதா?

போர்ச் செய்தியைப் படிக்கிறபோது விலைவாசியை நினைப்பது பாவமா? இந்தக் கேள்வியைச் சில காலமாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். விடை சுலபமாகக் கிடைக்கவில்லை.

எண்ணெயும் யுத்தமும் கைகோத்துக்கொண்டு நம் ஊர்க் கரைக்கே ஒரு தடவை வந்ததுண்டு. 1914ஆம் வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, ஜெர்மானிய யுத்தக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுட்டது. அதன் குறி, பர்மா ஆயில் கம்பெனியாரின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள். நூற்றுக்கும் அதிகமான குண்டுகள் வந்து விழுந்தன. தொட்டிகள் பற்றி எரிந்த வெளிச்சத்தில் பட்டணமே கலங்கிற்று. ஜனங்கள் கிடைத்த ரயிலில் ஏறி ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். அந்தப் பெயர் நம் பாஷையிலேயே தங்கிவிட்டது. இன்றும் எதற்கும் துணிந்த ஆளைப் பார்த்தால், "அவன் சரியான எம்டன்" என்கிறோம்.

ஆனால் எம்டனைப் பற்றி நாம் மறந்துவிட்ட சங்கதி ஒன்று உண்டு. அதன் தலைவன் கார்ல் ஃபான் முல்லர் என்பவன், சென்னைக்கு வருவதற்கு முன்பே வங்கக் கடலில் பல வணிகக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்திருந்தான். மூழ்கடிப்பதற்கு முன்னால் அவற்றிலிருந்த மாலுமிகளை இறக்கிவிடுவதை அவன் ஒரு விரதமாகவே வைத்திருந்தான். அப்படி இறக்கியவர்களையெல்லாம் வேறொரு கப்பலில் ஏற்றிக் கல்கத்தா நோக்கி அனுப்பிவைத்தான். சென்னைத் துறைமுகத்தில் அவனுடைய குண்டுகளுக்குச் சிலர் பலியானார்கள் என்பது உண்மை. அதை மறைத்து அவனுக்கு மகுடம் சூட்ட நான் வரவில்லை. ஆனாலும், கப்பல் வேறு, அதை ஓட்டுகிறவன் வேறு என்ற பேதம் அவனுக்குத் தெரிந்திருந்தது. சரக்கை அழிப்பது யுத்தம். சரக்கைச் சுமக்கிற கூலிக்காரனைக் கொல்வது யுத்தமல்ல என்று அவன் நினைத்தான். அவனுடைய எதிரிகளான ஆங்கிலேயர்களின் பத்திரிகைகளே அவனை மெச்சி எழுதின.

அதற்குச் சரியாக அறுபத்தாறு வருஷங்கள் கழித்து, 1980ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 22ஆம் தேதி, ஈராக் ஈரானின்மீது படையெடுத்தது. எட்டு வருஷம் நடந்த அந்த யுத்தத்தில், 1984 முதல் எண்ணெய்க் கப்பல்களே பெரும் குறியாயின. ஈரானின் எண்ணெயில் பெரும்பகுதி கார்க் தீவிலிருந்து ஏற்றுமதியாயிற்று. ஈராக்கின் விமானங்கள் அங்கே போகிற வருகிற கப்பல்களை ஏவுகணைகளால் அடித்தன. ஈராக்குக்கு அந்தக் கடலில் கப்பல்கள் இல்லை. ஆகையால் ஈரான், ஈராக்குக்குப் பண உதவி செய்த குவைத், சவுதி அரேபியா ஆகிய நாடுகளின் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களை அடித்தது. சண்டை இரண்டு பேருக்கு. அடி மூன்றாம் பேருக்கு. யுத்தம் 1988 ஆகஸ்டில் ஓய்வதற்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அடிபட்டன. நானூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள்.

என் நண்பர் 1987இல் அந்தக் கடலில் இருந்தார். அவர் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. டேங்க் நிரப்பிய மறுநாள்தான் கொஞ்சம் பேசினார்.

"கச்சா எண்ணெய் நிரம்பிய கப்பலை மூழ்கடிப்பது லேசான வேலையில்லை ஸார். நடுவிலே ஓட்டை விழுந்தாலும் மிதந்துகொண்டேயிருக்கும். பெரிய பெரிய தொட்டிகளாகப் பிரித்துக் கட்டியிருப்பார்கள் அல்லவா? கப்பலின் பின்பக்கத்தில்தான் இன்ஜின் அறை, சமையற்கட்டு, நாங்கள் படுக்கிற அறைகள் எல்லாம். சின்னச் சின்ன விசைப்படகுகளில் வருவார்கள். மனிதர்கள் இருக்கிற அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் சுடுவார்கள். எண்ணெயை அழிப்பது கஷ்டம். எங்களை அழிப்பது சுலபம். அவர்கள் கணக்கு அது."

"ராத்திரியில் எப்படித் தூங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

"அறையில் தூங்கமாட்டோம். உள்நடையில் பாயைப் போட்டுப் படுப்போம். வெளிச்சுவருக்கும் நமக்கும் நடுவே இன்னொரு சுவர் இருக்கட்டுமே என்றுதான்."

அந்த வருஷம் ஜூலையில் அமெரிக்கா குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களுக்குத் தன் கொடியைக் கட்டி, யுத்தக் கப்பல்களைக் காவலாக அனுப்பத் தொடங்கிற்று. முதல் பயணத்திலேயே, ஜூலை 24ஆம் தேதி, பிரிட்ஜ்டன் என்ற ராட்சத எண்ணெய்க் கப்பல் கண்ணிவெடியில் மோதிற்று. கப்பலில் ஓட்டை விழுந்தது. ஆனாலும் அது நிற்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். யுத்தக் கப்பல்களின் அடிப்பாகம் மெல்லியது. இன்னொரு வெடி அவற்றைத் தொட்டால் பிழைக்காது. ஆகையால் காவலுக்கு வந்த கப்பல்களெல்லாம் காயம்பட்ட எண்ணெய்க் கப்பலை முன்னே விட்டு அதன் பின்னால் வரிசையாகப் போயின. பல்லக்கைக் காக்க வந்த சேவகர்கள் பல்லக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நடந்த கதை இது. அந்தப் பல்லக்குக்குள்ளும் மனிதர்கள் இருந்தார்கள்.

இனி என்னைத் திகைக்கவைத்த விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு கப்பல்கள் எரிந்தனவே, இவ்வளவு பேர் இறந்தார்களே, அந்த வருஷங்களில் எண்ணெய் விலை என்ன ஆயிற்று? ஆகாயத்துக்கு ஏறியிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. அது விழுந்தது. 1985 கடைசியில் பீப்பாய் இருபத்தைந்து டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 1986 நடுவில் பத்து டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. காரணம் சிக்கலானதல்ல. சவுதி அரேபியா தன் சந்தையை மீட்டுக்கொள்ளத் தாராளமாக எண்ணெயை இறைத்துத் தள்ளியது. அதோடு ஈரானும், அடிபடும் அபாயத்துக்கு ஈடாகத் தன் எண்ணெயைத் தள்ளுபடி விலைக்கு விற்றது. கார்க் தீவிலிருந்து தன் பொறுப்பிலேயே சிறு பயணக் கப்பல்களில் எண்ணெயைத் தெற்கே லராக் தீவு வரைக்கும் கொண்டுவந்து, அங்கே வெளிநாட்டுக் கப்பல்களுக்கு மாற்றிக் கொடுத்தது. அபாயத்தின் செலவை விற்கிறவனே விழுங்கிவிட்டதால் வாங்குகிறவனுக்கு அது எட்டவில்லை.

உலகத்திலேயே மிக நீளமான கப்பல் என்று பெயர் பெற்ற சீவைஸ் ஜயண்ட், 1988 மே மாதத்தில் அந்த லராக் தீவருகேதான் ஈராக்கிய விமானங்களால் அடிபட்டு எரிந்தது. அதைப் பிறகு மீட்டுச் செப்பனிட்டு, பெயரை மாற்றி மாற்றி இன்னும் இருபது வருஷம் உபயோகித்தார்கள். கடைசியில் 2010இல் நம் குஜராத்தின் அலங் கடற்கரையில்தான் அதை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். கப்பலுக்கு மறுஜென்மம் கிடைத்தது. அதே கடலில் மாண்ட மாலுமிகளுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

விலை ஏறவில்லை, ஆகவே உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1986இல் மலிவான எண்ணெயைக் கண்டு சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்த மலிவுக்கு நடுவே ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு கப்பலில் யாராவது ஒரு சமையற்காரன், ஒரு எண்ணெய் போடுகிற பையன், கருகிச் செத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது. விலைதான் எனக்குச் செய்தி சொல்லும் தூதனாக இருந்தது. அந்தத் தூதன் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியை 1990இல் பார்த்தோம். ஆகஸ்டு 2ஆம் தேதி ஈராக் குவைத்தைப் பிடித்தது. இரண்டு நாடுகளிலிருந்தும் நாளொன்றுக்கு வந்துகொண்டிருந்த நாற்பது லட்சம் பீப்பாய்க்கு மேற்பட்ட எண்ணெய் நின்றுபோயிற்று. மற்ற நாடுகள் சில மாதங்களுக்குள் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிட்டன. ஆனாலும் ஜூலையில் பதினேழு டாலர் அளவில் இருந்த விலை அக்டோபரில் நாற்பது டாலரைத் தொட்டது. அடுத்து என்ன நடக்குமோ என்ற பீதி அதை ஏற்றிற்று. பிறகு 1991 ஜனவரி 17ஆம் தேதி, பாக்தாத் நகரத்தின்மீது குண்டுமாரி பொழியத் தொடங்கிய அன்று, விலை ஒரே நாளில் பத்து டாலருக்குமேல் சரிந்தது. யுத்தம் சீக்கிரம் முடிந்துவிடும், சவுதி எண்ணெய்க்கு ஆபத்தில்லை, அமெரிக்காவும் சேமிப்பிலிருந்து எண்ணெயை எடுத்துவிடுகிறது என்று சந்தை நம்பிற்று. ஜனங்கள் பயந்துகொண்டிருந்த மாதங்களில் ஏறிய விலை, ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த நாளில் இறங்கிற்று.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாயிற்று. விலை என்பது எண்ணெய் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வரும் என்பதைக் காட்டும் ஒரு அளவுகோல். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. துன்பத்தை அளக்க அது ஏற்பட்டதல்ல. மனசாட்சியின் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு நாம் சும்மா இருந்தால், குற்றம் அளவுகோலின்மீது இல்லை.

ஆனால் இந்த இடத்தில் நான் என்னையே தடுத்து நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. விலையை நினைப்பவர்கள் எல்லோரும் என்னைப்போலச் சௌகரியத்தை நினைப்பவர்கள்தானா? அந்த 1990ஆம் வருஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குவைத்திலும் ஈராக்கிலும் வேலை பார்த்த நம் நாட்டவர் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உடுத்த துணியோடு அம்மான் நகரம் வழியாக விமானத்தில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் மாதந்தோறும் அனுப்பிய பணம் நின்றது. எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டிய பணமோ ஏறிற்று. முன்பே பல வருஷங்களாகக் கடன் வாங்கி நடத்திய குடும்பம் நம் சர்க்கார். இந்த அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை. 1991 மே மாதத்தில் இருபது டன் தங்கத்தை வெளியே அனுப்பி விற்றார்கள். ஜூலையில் சுமார் நாற்பத்தேழு டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி, அதன்மேல் சுமார் நாற்பது கோடி டாலர் கடன் வாங்கினார்கள். நம் வீடுகளில் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டப் பெண்டாட்டியின் வளையலைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைப் படி ஏறுகிறோமே, அதே காரியத்தை ஒரு தேசம் செய்தது. அந்த அவமானத்தை உணராத வீடு நம் நாட்டில் இருந்திருக்காது.

யோசித்துப் பாருங்கள். டீசல் விலை ஏறினால் விசைப்படகு மீனவன் ஒருவன் கடலுக்குப் போவதா, கரையில் கிடப்பதா என்று கணக்குப் பார்க்கிறான். வாடகை ஆட்டோ ஓட்டுகிறவன் ராத்திரி இரண்டு மணி நேரம் அதிகமாக ஓட்டுகிறான். கீரைக்கட்டு விற்கிற கிழவிக்கு லாரி வாடகை என்றால் என்னவென்று தெரியாது; ஆனால் அது அவள் கூடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இவர்கள் போர்ச் செய்தி கேட்டவுடன் விலையை நினைத்தால், அது சுயநலம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அவர்களுக்கு விலை என்பது சோறு. பசியை நினைப்பது பாவமானால் தர்மசாஸ்திரம் எதற்கு?

ஆக, கேள்வி கொஞ்சம் மாறுகிறது. விலையை நினைப்பது பாவமில்லை. யார், எதற்காக நினைக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். நினைத்தபின் அங்கேயே நின்றுவிடுகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டோக்காரனுக்கு மேற்கொண்டு நினைக்க அவகாசமில்லை. எனக்கு அவகாசம் இருந்தது. எனக்குச் செய்தித்தாளும், சாய்வு நாற்காலியும், காலை நேரமும் இருந்தன.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். போர் நடக்கும் கடலுக்குள் கப்பல் போக வேண்டுமானால், சாதாரண இன்ஷூரன்ஸ் போதாது. போர் அபாயத்துக்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டும். கப்பலின் மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு என்று அதை விதிப்பார்கள். அபாயம் முற்றிய காலத்தில் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கும் போவதுண்டு. ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் பத்துக் கோடி டாலர் மதிப்புள்ளது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்துக்குப் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டும். கேட்கும்போது மூச்சு முட்டுகிறது. ஆனால் அந்தக் கப்பலில் இருபது லட்சம் பீப்பாய் எண்ணெய் இருக்கும். பீப்பாய்க்கு அரை டாலர்தான் ஆகிறது. ஒரு பீப்பாய் என்பது நூற்றைம்பத்தொன்பது லிட்டர். லிட்டருக்குக் கணக்குப் பார்த்தால் கால் ரூபாயைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, பத்துப் பதினைந்து நாள் அதிகமாக ஓடி வருகிற செலவையும் சேர்த்துக்கொண்டாலும் லிட்டருக்கு ஒரு ரூபாயை எட்டுவது கடினம்.

கடல் வழி முழுவதுமே அடைபட்டால் கதை வேறு. ஹோர்முஸ் ஜலசந்தியின் வழியாக 2024ஆம் ஆண்டில் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு கோடி பீப்பாய் எண்ணெய் போயிற்று. உலகம் செலவழித்ததில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வாசல் மூடினால் சுற்றிக்கொண்டு வர வேறு கடல் வழி கிடையாது. குழாய் வழியாக வருவது அதில் ஒரு பகுதிதான். அப்போது வருவது நிஜமான பற்றாக்குறை. அதை யாரும் பீதி என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வாசல் திறந்திருக்கும்போதே, எங்கோ ஒரு கப்பல் அடிபட்ட மறுநாளே ஏறுகிற விலையில் பெரும்பகுதி நம் பயத்தின் விலை. பெரிய வியாபாரிகள் பெரிய அளவில் பயப்படுகிறார்கள். முன்கூட்டி வாங்கிக் குவிக்கிறார்கள். பங்கில் வரிசையில் நின்ற நாங்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் சக்திக்குத் தக்க அளவில் பயந்தோம். ரேஷன் காலத்துக் கதைகளில் வரும் பதுக்கல்காரனைத் திட்டித் திட்டியே வளர்ந்தவன் நான். அரிசி மூட்டைகளை அடுக்கிவைத்துவிட்டுக் கடையை இழுத்து மூடுகிற மளிகைக்காரனை என் நாவல் ஒன்றில் வில்லனாகவே ஆக்கியிருக்கிறேன். என் டேங்குக்குள் இருந்த சில லிட்டர்களுக்கும் அவனுடைய மூட்டைகளுக்கும் வித்தியாசம் அளவில்தான் இருக்கிறதோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஒரு ஆட்சேபணை மீதியிருக்கிறது. அதை என்னிடம் ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். "மாலுமிகள் தெரிந்துதானே போகிறார்கள்? அபாயக் கடலென்று அறிவித்தால் இரட்டைச் சம்பளம் உண்டாம். போக மறுக்கவும் உரிமை உண்டாம். விரும்பிப் போகிறவனுக்காக நாம் ஏன் நெஞ்சில் பாரம் சுமக்க வேண்டும்?"

வாதம் பலமானதுதான். செங்கடல் அபாயத்தின்போது சர்வதேச மாலுமிகள் சங்கங்கள் போராடி, ஒப்பந்தம் செய்துகொண்ட கப்பல்களில் இரட்டை அடிப்படைச் சம்பளமும் மறுக்கும் உரிமையும் பெற்றுத்தந்தன. எல்லாக் கப்பல்களும் அந்த ஒப்பந்தத்துக்குள் வருவதில்லை என்பது ஒரு புறம் இருக்கட்டும். இதை நான் கப்பல் நண்பரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "நான் விரும்பித்தான் போனேன். தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். மறுத்திருக்கலாம், அடுத்த கப்பலுக்குக் கூப்பிடமாட்டார்கள். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆனால் உங்கள் வக்கீலிடம் ஒன்று கேளுங்கள். விரும்பிப் போனவன் செத்தால், சாவு கொஞ்சம் குறைவாகவா வலிக்கும்?"

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"பரிதாபப்படாதீர்கள் ஸார். பரிதாபம் எங்களுக்கு வேண்டாம். சம்பளம் வாங்கினோம், வேலை செய்தோம். நாங்கள் அந்தக் கப்பலில் இருந்தோம் என்று தெரிந்துகொண்டால் போதும்."

இதைவிடக் குறைவாக ஒரு மனிதன் என்ன கேட்க முடியும்? 2024 மார்ச் 6ஆம் தேதி அதே ஏடன் வளைகுடாவில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற சரக்குக் கப்பல் அடிபட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டவர் இருவர், வியட்நாமியர் ஒருவர் இறந்தார்கள். மீதியிருந்தவர்களை நம் கடற்படையின் கொல்கத்தா கப்பல் காப்பாற்றிற்று. அடுத்த வாரம்தான் நம் நாட்டில் அந்த இரண்டு ரூபாய் குறைந்தது. பங்குகளில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். அவர்கள் மகிழ்ந்தது தவறென்று நான் நினைக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த வாரம் இரண்டு செய்திகளும் தெரிந்திருந்தன. இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொண்டு பெட்ரோல் போட்டது, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போட்டதைப்போல் இல்லை.

அப்படியானால் பெட்ரோலை விட்டுவிட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நான் துறவியல்ல. நான் எழுதும் பத்திரிகையே லாரியில்தான் ஊர் ஊராகப் போகிறது. ஒன்றிரண்டு காரியங்கள்தான் என்னால் ஆகக்கூடியவை. வதந்தி கேட்ட சாயங்காலத்தில் நான் பங்குக்குப் போவதில்லை. தேவைப்பட்ட நாளில் போகிறேன். இதனால் உலகச் சந்தை ஒரு பைசா அசையாது என்பது எனக்குத் தெரியும். பதுக்காத ஒரு மனிதனால் பஞ்சம் தீர்ந்துவிடாது. ஆனாலும் நம் பாட்டிமார்கள் பஞ்ச காலத்தில் பக்கத்து வீட்டுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்தார்கள். கணக்குப் பார்த்தா செய்தார்கள்?

மற்றொரு காரியம், செய்தித்தாள் படிக்கும் முறை. என் நண்பர் கப்பல் அடிபட்ட செய்தியைக் கடைசியிலிருந்து படிப்பார் என்பதை ஒரு நாள் கவனித்தேன். ஆட்கள் எத்தனை பேர், எந்த நாட்டவர், பிழைத்தார்களா என்பதைக் கடைசிப் பாராவில்தான் போடுவார்களாம். பழக்கத்தில் அவர் கண் நேரே அங்கே போய்விடுகிறது. நான் மேலிருந்து படிக்கிறவன். விலை வந்ததும் நின்றுவிடுகிறவன். ஒரே தாளை இத்தனை வருஷம் இரண்டு முனைகளிலிருந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இப்போது நானும் கடைசிப் பாராவைத் தேடுகிறேன். பல நாள் அது அங்கே இருப்பதில்லை. இடம் போதவில்லை என்று வெட்டியிருப்பார்கள். அந்த நாட்களில் நண்பருக்கு டெலிபோன் செய்து கேட்பேன். அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கும். "இருபத்தைந்து பேர். எல்லோரும் பத்திரம்" என்பார். அப்புறம்தான் நான் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவேன். அவரும் சளைக்காமல் பேசுவார். அவருக்கும் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறதே!